ஒன்பதாம் விதி, நான்காம் பிரிவு

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மழையுமில்லை பனியுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு அழுக்கு. முழங்கால் வலி.

ஆறு மணி வேலை. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகள் கழுவும் பகுதி. இரண்டு இயந்திரத்தில் ஒன்று மக்கர். இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாம் கையால் தேய்த்து அடுக்கியதில் விரல் நுனி ஊறி வெளுத்துப்போனது.

செய்ய வேண்டியவை:
– ஞாயிறு நிர்வாகக் குழுக் கூட்டம், மற்ற ஆறு பேருக்கும் அழைப்பு
– போன கூட்டத்தின் அறிக்கை தட்டச்சு
– முத்திரைக்கு மை
– ரதிக்கு இருமல் மருந்து (சீனி இல்லாதது)
– முருங்கைக்காய் வந்திருந்தால் நாலு

கூட்டத்தில் ஒரே விடயம்தான். எங்கள் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கும் மிதுனா, தலைவர் குலம் அண்ணைமேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். சங்கத்தின் பெயரில் தன்னைப் பற்றிப் பொய்க் கடிதம் எழுதினாராம். விசாரிக்கட்டுமாம். மூன்றே வரி. செயலாளர் என்ற முறையில் நான்தான் வாங்கி, திகதி போட்டு, கோப்பில் வைத்தேன்.

எந்தக் கடிதம் என்று அவள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

பெப்ரவரி 5, வியாழன்

தூறல் விட்டது, குளிர் விடவில்லை.

நாலரை மணிக்கு மிதுனா வீட்டுக்கு வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். என் மனைவி ரதி பாடசாலைச் சமையலறை வேலையால் அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள். எழும்பப் போனவளை, "நீங்கள் இருங்கோ அக்கா" என்று சொல்லி மிதுனாவே தேநீர் போட்டாள். எங்கள் வீட்டில் சீனி எந்தப் போத்தலில் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பையிலிருந்து ஒரு கடிதப் பிரதி. விசா கொடுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவளுடைய கோப்பிலிருந்து வழக்கறிஞர் எடுத்துக் கொடுத்ததாம். எங்கள் சங்கத்தின் கடிதத் தலைப்பு. குலம் அண்ணையின் கையெழுத்து. பக்கத்தில் வட்ட முத்திரை, கொஞ்சம் சரிந்து. அந்த முத்திரை என் அலுமாரியில், சாரங்களுக்குக் கீழே இருக்கிறது. ஜேர்மன்காரன் முத்திரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கள் சனத்துக்குத்தான் முத்திரை இல்லாத கடிதம் கடிதமே இல்லை.

"அண்ணை, நீங்கள் சட்டம் படிச்சனீங்கள். இதை ஒருக்கா வாசியுங்கோ. இந்த ஜேர்மன் தலைவர்ட ஜேர்மன் இல்லை. அவருக்கு இவ்வளவு வராது. ஆரோ தெரிஞ்ச ஆள் எழுதிக் குடுத்திருக்கு."

வாசித்தேன். வாசிக்கிற மாதிரிக் கண்ணை ஓட்டினேன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

"அந்த ஆள் ஆரெண்டு தெரிஞ்சால் காலிலை விழுந்தெண்டாலும் உண்மையைச் சொல்ல வைப்பன். உங்களுக்கு ஆரெண்டு விளங்குதோ?"

"தெரியேல்லை, பிள்ளை."

சொல்லிவிட்டேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவள் போட்ட தேநீரை முழுவதும் குடித்தேன். சீ.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் பிறகு எனக்கு நானே கதை மாற்றிச் சொல்லுவேன்.

மிதுனாவுக்கு முப்பத்தொரு வயது. கிளிநொச்சியில் ஆசிரியை. குலம் அண்ணையின் அக்கா மகன் சுகந்தனைக் கட்டி, நாலு வருடத்துக்கு முந்தின ஏப்ரலில் ஜேர்மனிக்கு, இந்த எசன் நகரத்துக்கு வந்தவள். சுகந்தன் கை நீட்டுகிறவன். போன வருடம் ஜூனில் அவள் வீட்டை விட்டு வெளியேறினாள். இந்த நாட்டில் கணவனும் மனைவியும் மூன்று வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகும் அவளுக்குச் சொந்தமாக விசா கிடைக்கும். அவள் வாழ்ந்தது மூன்று வருடமும் இரண்டு மாதமும். அடித்ததை நிரூபித்தால் மூன்று வருடமும் தேவையில்லை. ஆனால் அவளிடம் டொக்டர் துண்டு ஒன்றும் இல்லை. எல்லாப் பெண்களையும் போல மாபிள் தரையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

கடிதம் சொல்வது: அவள் அதற்கு முந்தின டிசெம்பரிலேயே வெளியேறிவிட்டாள், விலாசம் மட்டும்தான் அங்கே இருந்தது, ஆள் இல்லை, சங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். ஆக மூன்று வருடம் ஆகவில்லை. விசா இல்லை. ஊருக்குப் போ.

பெப்ரவரி 20க்குள் அவள் பதில் கொடுக்க வேண்டும்.

கடிதத்தைத் தமிழில் எழுதித் தந்தவர் குலம் அண்ணை. ஜேர்மனில் மாற்றியது நான். முத்திரை குத்தியது நான். போன ஒக்டோபர், எங்கள் சமையலறை மேசையில். அன்றைக்கு நான் ஒன்றுமே சொல்லாமல் இருக்கவில்லை:

"அண்ணை, மே மாசம் நான் சுகந்தன் வீட்டை போனனான். பள்ளிச் சான்றிதழ் எடுக்க. மிதுனாதான் தேத்தண்ணி தந்தது."

"ஐசே, ஒரு தேத்தண்ணியை வச்சுக்கொண்டு சாட்சி சொல்லப் போறீரோ? எழுதும்."

எழுதினேன். நல்ல ஜேர்மனில் எழுதினேன். "நன்றாகத் தெரியும்" என்பதற்கு மூன்று சொல் யோசித்து, ஆகப் பாரமானதைப் போட்டேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில், ஆனால் பல்லுக் கிட்டுகிற குளிர். கூட்டம் மூன்று மணிக்கு, வழமைபோல் தேவாலய மண்டபத்தின் பின்னறையில். போரில் செத்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம், அதுவும் வழமைபோல்.

தலைமை குலம் அண்ணை. அவர்மேல் வந்த முறைப்பாட்டை விசாரிக்கலாமா என்ற கூட்டத்துக்கும் அவரே தலைமை. ஒருத்தருக்கும் அது விநோதமாகப் படவில்லை. மிதுனா வெளியே நடையில் கதிரை போட்டு இருந்தாள். கதவின் கண்ணாடியில் அவளுடைய பச்சை ஜக்கெட் தெரிந்தது.

குலம் அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சங்க யாப்பை, எங்கள் விதிப் புத்தகத்தை, விரித்தார். "வாசிக்கிறன், கேளுங்கோ. விதி ஒன்பது, பிரிவு நாலு. 'பதவியிலிருக்கும் தலைவர்மீது, அவரது பதவிக்காலம் முடியும்வரை, சங்கத்தின் எந்த அமைப்பும் எவ்வித விசாரணையும் மேற்கொள்ளலாகாது.' இதை நான் எழுதேல்லை. எங்கட சட்டத்தார் எழுதினது."

சட்டத்தார் என்பது நான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் இரண்டே வருடம் சட்டம் படித்து, பாதியில் விட்டு ஓடி வந்தவனுக்கு முப்பது வருடமாக இந்தப் பட்டம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொருளாளர் தவமணி அக்கா சிரிக்கவில்லை. "இந்த நாட்டுச் சனாதிபதியையே பாராளுமன்றம் ஓமெண்டால் விசாரிக்கலாம். எங்கட தலைவரை ஏலாதோ? இதென்ன கூத்து?"

"எனக்கென்ன பயமே அக்கா? பதவி முடிய இன்னும் பதினாலு மாசம். பேந்து நீங்கள் எல்லாரும் சேர்ந்து விசாரியுங்கோ, நான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன். சட்டத்தார், நீர் சொல்லும். ஏலுமோ ஏலாதோ?"

ஆறு முகம் என்னைப் பார்த்தது.

"யாப்பின்படி ஏலாது," என்றேன்.

"யாப்பின்படி. உம்மட மனச்சாட்சிப்படி?" என்றார் தவமணி அக்கா.

"அது நிகழ்ச்சி நிரலிலை இல்லை," என்றார் குலம் அண்ணை. மறுபடியும் சிரிப்பு. அடுத்த விடயம் ஏதுமில்லை, தேநீர், வடை.

முடிவை அறிவிப்பது செயலாளரின் கடமை. நடைக்குப் போய்ச் சொன்னேன், பதவிக்காலம் முடிந்த பிறகுதான் விசாரிக்கலாம் என்று.

"பதினாலு மாசமோ? எனக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு, அண்ணை."

"யாப்பு அப்பிடி, பிள்ளை."

"அப்ப விசாரிக்க வேண்டாம். அந்தக் கடிதம் பிழை எண்டு சங்கம் ஒரு துண்டு எழுதித் தரட்டும். அதுவே காணும்."

"சங்கம் எழுதுறதெண்டால் தலைவர் கையெழுத்து வைக்கவேணும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லாமல் பார்த்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்கள் என்ன செய்வீங்கள் அண்ணை, பாவம்," என்றாள்.

என்னைப் பாவம் என்றாள்.

அறிக்கையில் எழுதியது: "செயலாளர் யாப்பு தொடர்பாக விளக்கமளித்தார்." நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பொய் சொல்லாமலே இவ்வளவு கேவலமாக நடக்கலாம் என்று இன்றைக்குக் கண்டேன்.

பெப்ரவரி 9, திங்கள்

வேலையில் இயந்திரம் திருத்த ஆள் வந்தான். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். முத்திரை மை வாங்கவில்லை. வாங்கப் போவதுமில்லை.

அந்த விதி எப்படி வந்தது என்று இன்றைக்கு முழுக்க யோசனை.

இதற்கு முன் எங்களுக்கு வேறொரு சங்கம் இருந்தது. அதில் தலைவராக வருகிறவனை வந்த மறுமாதமே கள்ளன், காவாலி என்று விசாரணை வைப்பார்கள். கடைசிக் கூட்டத்தில் கதிரை பறந்தது. சங்கம் இரண்டாகி, நாலாகி, பிறகு இல்லாமலே போனது. புதுச் சங்கம் தொடங்கியபோது யாப்பு எழுதும் வேலை எனக்கு. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம். சொந்த நாட்டு அரசியல் யாப்பில் சனாதிபதி பதவியில் இருக்கும்வரை அவர்மேல் வழக்கில்லை என்று விரிவுரையில் படித்தது ஞாபகம் வந்தது. ஆகா, இதுதான் மருந்து என்று அதைத் தூக்கி அப்படியே எங்கள் யாப்பில் வைத்தேன். எண்பது குடும்பம் உள்ள, சனிக்கிழமைப் பள்ளியும் பொங்கல் விழாவும் நடத்துகிற ஒரு சங்கத்துக்கு. வாசித்தபோது கைதட்டல். சங்கத்தை நீதிமன்றத்தில் பதிந்தபோது வேறு இரண்டு இடத்தைத் திருத்தச் சொன்னார்கள். இதை ஒருவரும் தொடவில்லை.

தவமணி அக்கா சொன்னது சரி. இங்கே சனாதிபதிக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை நீக்கப் பாராளுமன்றம் இருக்கிறது. எங்கள் யாப்பில் யார் நீக்குவது என்று எழுத நான் மறந்துவிட்டேன். பூட்டைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுத் திறப்பைச் செய்யாமல் விட்டவன் நான்.

இடைவேளையில் கைத்தொலைபேசியில் ஜேர்மன் சங்கச் சட்டம் தேடினேன். அங்கத்தவரில் பத்தில் ஒரு பங்கு கையெழுத்து வைத்தால் பொதுக்கூட்டம் கூட்டலாம். பாரதூரமான காரணம் இருந்தால் பொதுக்கூட்டம் தலைவரை நீக்கலாம், என் ஒன்பதாம் விதி அதைத் தடுக்க முடியாது. நல்லது. ஆனால் எங்கள் யாப்பின்படி கூட்ட அறிவித்தலுக்கு நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். கெட்டிக்காரன்.

பெப்ரவரி 11, புதன்

ரதிக்குத் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேனாம். "என்ன, பல்லு நோவோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிட்டது.

"எழுதினது நீங்களோ?"

"மொழிபெயர்த்தன்."

"முத்திரை ஆர் குத்தினது?"

இடியப்பத்தை இன்னும் பிய்த்தேன்.

"மே மாசம் ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுவந்து தந்தனீங்கள், மிதுனா பொரிச்சுத் தந்தது எண்டு. நான் ரெண்டு திண்டனான். டிசெம்பரிலை போன பிள்ளை மே மாசம் அந்த வீட்டிலை நிண்டு ரோல்ஸ் பொரிச்சதோ? சொல்லுங்கோவன்."

"ரதி, குலம் அண்ணை எனக்குச் செய்ததை நீ மறக்கக்கூடாது."

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த வருடம். ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. குலம் அண்ணை ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தார், தன் விடுமுறையில் பதினொரு நாள் எடுத்து என்னோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மதிய உணவுக்கு இரண்டு பேருக்கும் பாண் கட்டிக்கொண்டு வருவார். அவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த நாடு இல்லை. ரதியும் இல்லை. இது நடிப்பில்லை, உண்மை.

"மறக்கேல்லை," என்றாள் ரதி. "உங்கட விசாவுக்குச் செய்த நன்றியை அந்தப் பிள்ளையின்ர விசாவாலை செலுத்துறியளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

கோப்பையைக் கழுவும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. பிறகு பேசவே இல்லை.

பெப்ரவரி 14, சனி

பனி கொட்டியது, மதியத்துக்குள் சேறு. ரதி இன்னும் பேசவில்லை. தேவையானதை மட்டும் கதவைப் பார்த்துச் சொல்கிறாள்.

பள்ளியில் மிதுனாவின் வகுப்புக்கு வேறொரு ஆசிரியை. "தற்காலிகம்" என்று குலம் அண்ணை அறிவித்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "எங்கட ரீச்சருக்குக் காய்ச்சலோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஓம் என்றேன். இன்னொரு பொய்.

மண்டபச் சமையலறையில் குலம் அண்ணையைத் தனியே பிடித்தேன். கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். தலைவரென்றாலும் கோப்பை துடைப்பார், கூட்டிப் பெருக்குவார், செத்தவீடென்றால் முதல் ஆளாக நிற்பார். அதனால்தான் பதினாலு வருடமாகப் போட்டியில்லாமல் தலைவர்.

"அண்ணை, கடிதத்தைத் திருப்பி எடுப்பம். பிழையாய் விளங்கிட்டம் எண்டு எழுதலாம்."

"ஏன், உம்மட்டை வந்து அழுதவளோ?"

"அழேல்லை."

"என்ர அக்கா அழுகிறா ஐசே. ஊரிலையிருந்து ஒவ்வொரு நாளும் ரெலிபோனிலை. பெடியன் அடிக்கிறவன் எண்டு கதை பரவினால் இனி ஆர் அவனுக்குப் பொம்பிளை குடுப்பினம்? அவள் இஞ்சை இருந்தால் கதையும் இருக்கும். அவள் ஊருக்குப் போனால் செத்துப்போக மாட்டாள். அங்கை ரீச்சர் வேலை இருக்கு, தாய் தகப்பன் இருக்கினம்."

"அவன் அடிச்சது உண்மைதானே அண்ணை."

கோப்பையை வைத்தார். "உண்மையோ பொய்யோ எண்டு விசாரிக்கத்தானே ஏலாது," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் எழுதிய வசனத்தை எனக்கே திருப்பித் தருகிறார் என்று அவர் நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. பிறகு ஒரு துவாயை எடுத்து என் கையில் தந்தார். நானும் சேர்ந்து கோப்பை துடைத்தேன்.

பெப்ரவரி 16, திங்கள்

கார்னிவல் திங்கள், சனம் வேடம் கட்டித் திரிகிற நாள். வேலை இல்லை. ட்ராமில் தேனீ, கடற்கொள்ளைக்காரன், கன்னியாஸ்திரி வேடத்தில் ஒரு தாடிக்காரன். கடதாசிக் கிரீடம் வைத்த ஒரு கிழவன் எனக்கு ஒரு இனிப்பு எறிந்தான். வாங்கித் தின்றேன். எலுமிச்சை.

நேற்று ரதி சிவராத்திரி விரதம். நான் சாப்பிட்டேன். விரதம் இருக்கிற யோக்கியதை எனக்கில்லை.

வீட்டுக்கு வந்து யாப்பை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். பதினேழு விதி. எத்தனை முறை வாசித்தாலும் ஒன்பதாம் விதியில் இருப்பது ஒரே ஒரு ஆள். தலைவர். உபதலைவர் இல்லை. பொருளாளர் இல்லை.

செயலாளர் இல்லை.

நிமிர்ந்து இருந்துவிட்டேன். ரதி என்ன என்று பார்த்தாள், ஐந்து நாளில் முதல் தடவை.

தலைவரை விசாரிக்க ஏலாது. என்னை விசாரிக்கலாம். கடிதத்தை எழுதியவன் நான், முத்திரை வைத்தவன் நான், என்மேல் முறைப்பாடு வந்தால் குழு விசாரித்தே ஆகவேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான், பதினொன்று. என்னை விசாரித்தால், கடிதத்தை யார் தந்தது என்று கேட்டே ஆகவேண்டும். வெளிநாட்டவர் அலுவலகமோ எங்கள் யாப்பை வாசிக்கப் போவதேயில்லை. அங்கே போய் நடந்ததைச் சொல்ல எந்த விதியும் என்னை மறிக்கவில்லை. ஒக்டோபரிலும் மறிக்கவில்லை. ஐந்தாம் திகதி மிதுனா வீட்டுக்கு வந்து கேட்டபோதும் மறிக்கவில்லை.

ஆக, இவ்வளவு நாளும் என்னை மறித்தது சட்டம் இல்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

வேலை முடிந்து நேரே பக்கத்து நகரம் கெல்சென்கிர்ச்சனுக்கு. மிதுனா அங்கே ஒரு தோழியோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, முழங்கால் செத்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிடாமல் கதைக்க விடவில்லை.

சொன்னேன். "அந்தக் கடிதத்தை ஜேர்மனிலை மாத்தினது நான்தான், பிள்ளை."

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன். "குலம் அண்ணை தந்ததை அப்பிடியே மாத்தினன். மாதத்தைக் கவனிக்கேல்லை. கூட்டத்துக்குப் பிறகுதான் யோசிச்சுப் பார்த்தன், மே மாசம் நான் உம்மட கையாலை தேத்தண்ணி குடிச்சனான் எண்டு," என்றேன்.

பாதி உண்மையை வைத்துக்கொண்டு பாதியை மறைத்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் ஒரு பொய்.

அவள் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அது ஆருக்கும் நடக்கும் அண்ணை. வேலைக் களைப்பிலை கவனிச்சிருக்க மாட்டீங்கள். நீங்கள் வந்து சொன்னீங்களே, அது எவ்வளவு பெரிய விசயம்." குழம்பை இன்னொரு கரண்டி விட்டாள். விழுங்கினேன்.

வியாழன் காலை அலுவலகத்தில் அவளுக்கு நேரம் வாங்கியிருக்கிறது. சாட்சியாக நானும் வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தது:

"நிர்வாகக் குழுவுக்கு. சங்கச் செயலாளராகிய நான், ஆசிரியை மிதுனா குறித்த உண்மையற்ற கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதி, சங்க முத்திரையும் இட்டேன். விதி பதினொன்றின் கீழ் என்மீது விசாரணை நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மற்ற ஆறு பேருக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தவமணி அக்காவின் பதில்: "கிடைத்தது. விசாரணைக்கு நான் சம்மதம்." அதற்குக் கீழே, "இப்பவாவது."

அரை மணித்தியாலத்தில் குலம் அண்ணையின் தொலைபேசி.

"ஐசே, உமக்கு விசரோ? உம்மை விசாரிச்சால் என்னைக் கூப்பிடுவினம் எல்லோ?"

"ஓம் அண்ணை. சாட்சியாய்த்தான். விசாரணை உங்கள்மேலை இல்லை."

"சட்டத்தார் சட்டம் கதைக்கிறார்." பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். "உமக்காக நான் எத்தினை நாள் அலைஞ்சனான்?"

"பதினொரு நாள்."

"எண்ணி வச்சிருக்கிறீர்."

"மறக்க ஏலாது அண்ணை. அதாலைதான் அந்தக் கடிதத்தை எழுதினனான். அதுக்காக எழுதியிருக்கக் கூடாது."

குரல் உடைந்தது அவருக்கா எனக்கா தெரியவில்லை. வைத்துவிட்டார். அப்பன் செத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. ரதி வந்து பக்கத்தில் இருந்தாள். "மிதுனாவுக்கு எல்லாம் சொன்னனீங்கள்தானே?" என்றாள். ஓம் என்றேன்.

பெப்ரவரி 19, வியாழன்

தெளிந்த வானம், சைபருக்குக் கீழே இரண்டு. வேலைக்கு விடுப்பு. எட்டே முக்காலுக்கு அலுவலக வாசலில். மிதுனா முதலே வந்து நின்றாள், எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். மேசையில் கற்றாழைச் சட்டி. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்: ஒக்டோபர்க் கடிதம், நான் நேற்று எழுதிய வாக்குமூலம்.

"இதுவும் நீங்கள் எழுதியது, அதுவும் நீங்கள் எழுதியது. சரிதானே?"

சரி என்றேன்.

"மே மாதம் அவருடைய வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். கிழமை எழுதியிருக்கிறீர்கள், எதற்குப் போனீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்றுகூட இருக்கிறது. இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து மாதத்தில், ஒக்டோபரில், இது உங்களுக்கு நினைவில் இல்லையா?"

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மிதுனா எனக்கு வலப்பக்கம். அவளுக்கு ஜேர்மன் நன்றாக விளங்கும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நான் செய்தது கவனயீனம், வீட்டுக்குப் போகலாம், அவளும் என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மறதிக்காரனின் சாட்சியை யார் எடுப்பார்? ஒக்டோபரில் மறந்தவன் இப்போது மட்டும் எப்படி நினைத்தான் என்று கேட்டு இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

"நினைவிருந்தது," என்றேன். "எழுதும்போதே அது பொய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன்."

மிதுனா திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அவளுடைய கை மட்டும் மடிக்குப் போனது.

அதிகாரி தட்டச்சு செய்தாள். வாசித்துக் காட்டினாள். கையெழுத்து வைத்தேன். என்னைப் பற்றித் தனியாகக் கடிதம் வரும் என்றாள். மிதுனாவிடம், இதையும் சேர்த்துப் பார்ப்போம், முடிவு தபாலில் வரும், அதுவரை இருக்கலாம் என்றாள். அந்த "அதுவரை"க்கு எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

வெளியே படிக்கட்டில் மிதுனா நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை கவனிக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே எழுதிப்போட்டு, எங்கட வீட்டை வந்திருந்து சோறு திண்டனீங்கள்."

"ஓம், பிள்ளை."

"பிள்ளை எண்டு சொல்லாதேங்கோ."

சனம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வழிவிட்டு ஓரமாக நின்றோம். அவள் ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"உள்ளுக்கை உண்மையைச் சொன்னதுக்கு நன்றி," என்றாள். "ஒண்டு கேக்கிறன். எனக்கு விசா கிடைச்சால், உங்களாலைதான் கிடைச்சது எண்டு ஆருக்கும் சொல்லாதேங்கோ."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ட்ராம் வந்தது. அவள் ஏறினாள். நான் அடுத்ததற்கு நின்றேன்.